சைரன் ஊதியதும் நான் ஓடிய ஓட்டம்

வேகமாக ஓடுகிறவனிடம் ஒரு குறை உண்டு. தவறான இடத்துக்கும் அவன்தான் மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேருவான். நிதானமாக நடக்கிறவனுக்குப் பாதி வழியிலேயே புத்தி வந்துவிடும், திரும்பிக்கொள்வான். எனக்கு அந்த வசதி கிடைத்ததில்லை. இருபது வயதில், நெகிரி செம்பிலான் முழுக்கத் தேடினாலும் என்னை முந்தக்கூடியவன் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். (மற்ற எஸ்டேட்டுகளில் விசாரிக்கவில்லை. விசாரிப்பானேன், இருக்கிற நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்வானேன்?)

பெடாஸ் பக்கத்தில், பெரிய சடக்கிலிருந்து, அதாவது தார் ரோட்டிலிருந்து, உள்ளே போகும் செம்மண் பாதையின் முடிவில் எங்கள் எஸ்டேட் இருந்தது. மலாயாவில் அப்போது அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமோ என்று சர்க்காருக்குப் பயம். கொடுக்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்களோ என்று எங்களுக்குப் பயம். நாங்கள் குடியிருந்த, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, போக வர ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது அந்தக் கேட்டில் சோதனை. சோறு வெளியே போகக் கூடாது. சீனி போட்ட தேத்தண்ணிகூடப் போகக் கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். முதல் சைரன் ஊதினால் எங்கிருந்தாலும் கிளம்பு. இரண்டாவது சைரன் ஊதினால் கேட்டு சாத்தியாயிற்று. அதற்குப் பிறகு வெளியே அசைவது எதுவானாலும் சுடலாம் என்று காவல்காரர்களுக்கு உத்தரவு.

இப்படிப்பட்ட இடத்தில்தான் என் கால்பந்து வாழ்க்கை தொடங்கியது.

மைதானம் வேலிக்கு வெளியே, பால் கொட்டகைக்கு அந்தப் பக்கம். நான் வலது ஓரத்தில் ஆடுகிறவன். ஓரமாக வரும் பந்தைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோடு வரைக்கும் ஓடி, நடுவில் நிற்கிறவர்களுக்கு அடித்துக் கொடுப்பது என் வேலை. அந்த வலது ஓரம்தான் கேட்டிலிருந்து இருப்பதிலேயே தூரமான இடம். எனக்குப் பின்னால் ரப்பர் மரங்கள், அதற்கும் பின்னால் காடு. சைரன் ஊதினால் மற்றவர்கள் விசில் அடித்துக்கொண்டே நடந்து போய்ச் சேர்ந்துவிடலாம். நான் மட்டும் முழு மைதானத்தையும் கடந்தாக வேண்டும். உனக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். பயம்தான் என்று சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போதாக்குறைக்குப் பந்து வேறு. அதற்கு முந்திய பந்தை ஒரு நாள் அவசரத்தில் மைதானத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டோம். இருட்டியதும் அது காற்றில் உருண்டிருக்கிறது. காவல்காரர்கள் உத்தரவுப்படி சுட்டார்கள். குறி தப்பவில்லை. மறுநாள் காலையில் அந்தத் தோலைக் கையில் எடுத்துப் பார்த்த கிராணி செல்லத்துரை ஐயாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எஸ்டேட் ஆபீசில் எழுத்து வேலை அவருக்கு. எங்கள் குழுவுக்கு மேனேஜரும் அவர்தான். எஸ்டேட் துரையிடம் எத்தனையோ தடவை கெஞ்சி வாங்கிய பந்து அது. அன்றைக்கே எங்களை வரிசையாக நிறுத்திச் சட்டம் போட்டார்.

"இனிமே சைரன் ஊதினா பந்து வெளிய கெடக்கக் கூடாது. யாரு காலுல இருந்தாலும் சரி, கையில எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உள்ள கொண்டாந்துடணும். ஆளு வந்தானா இல்லையான்னு நான் பொறவு பாத்துக்கறேன். பந்து வந்தாகணும்லா!"

வேகமானவன் நான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புதுப் பந்தை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைதானம், பால் கொட்டகை, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டி, கேட்டுக்குள் விழுவேன். உள்ளே வந்தவர்கள் கேட்டோரம் குந்திக்கொள்ள வேண்டும். காவல்காரர் தலைகளை எண்ணுவார். இதையே தினமும் செய்து செய்து, சைரன் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமலே கையும் காலும் வேலையைத் தொடங்கிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

கேட்டின் உள்பக்கம், மரக் கம்பத்தைப் பிடித்தபடி அம்மா நிற்பாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில், சயாமுக்கு ரயில் பாதை போட என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு யாரையும் 'வந்துடுவான்' என்று நம்பி அம்மா வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததே இல்லை. நான் மூச்சிரைக்க எதிரே குந்தியிருப்பேன். அப்போதும் குனிந்து, "உள்ள வந்துட்டியா?" என்பாள். கண் முன்னால் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? "வந்துட்டேம்மா" என்று என் வாயால் சொன்ன பிறகுதான் கம்பத்தை விடுவாள்.

கேட்டுக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயில் வாளி நிரப்பிக்கொண்டே, இந்தக் கூத்தைத் தினமும் பார்த்துச் சிரித்த எதிர் லயத்துச் சரோஜா இன்றைக்கு என் மனைவி. (அவள் பார்க்கிறாள் என்று தெரிந்துதான் கடைசிக் கொஞ்ச தூரம் இன்னும் பறப்பேன். எனக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தது பயம் மட்டும்தான் என்று மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.)

அக்கம் பக்கத்து எஸ்டேட்டுகளோடு ஆடினோம், ஜெயித்தோம். என் பேர் கொஞ்சம் வெளியே பரவியது. ஒரு நாள் கிராணி ஐயா எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். கிராணி லயத்துக்கு வருவது லேசான விஷயமில்லை. அம்மா பலகையைத் துடைத்துப் போட்டாள்.

"சிரம்பான் டவுன்ல ஒரு கம்பெனி பந்து டீம் வெச்சிருக்கு. ரைட் சைடுல ஓடறதுக்கு ஆளு தேடறாங்க. எடுத்துட்டாங்கன்னா கிடங்குல வேல, மாசச் சம்பளம், குடியிருக்க வீடு. வர்ற சனிக்கிழம ஆட வெச்சுப் பாக்கப் போறாங்க. நான் பேசிட்டேன்."

நான் அந்த நிமிடமே டவுன்காரனாகிவிட்டேன். மனதுக்குள் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன். அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வூட்டச் சுத்தி வேலி உண்டுங்களா ஐயா?"

"டவுன்ல ஏதும்மா வேலி? வாசக்கதவு ஒண்ணுதான்."

"ராவுல யாரு வந்து சாத்துவாங்க?"

"நீங்கதான் சாத்திக்கணும். நீங்கதான் தெறந்துக்கணும்."

அன்று இரவு அடுப்படியில் பாத்திரம் கழுவும்போது அம்மா தனக்குத்தானே முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதுதான் இந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தே ஆக வேண்டும் என்று எனக்கு உறைத்தது. மாசச் சம்பளம் எனக்கு. அந்தக் கதவு அம்மாவுக்கு.

சனிக்கிழமை வந்தது. கட்டுச்சோறு கொண்டுபோக முடியாது என்பதால், அம்மா ஒரு மாற்று வழி கண்டுபிடித்திருந்தாள்.

"தின்னுடா. வயித்துக்குள்ள இருக்கறத எந்த மாத்தாவும் சோதிக்க முடியாது."

(மாத்தா என்றால் எங்கள் பேச்சில் போலீஸ்காரர்.) காலைப் பசியாறலையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒரே உட்காரலில் உள்ளே தள்ளினேன். கருவாட்டுச் சம்பலோடு. கேட்டில் என்னைச் சோதித்தவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடுதான் அனுப்பினார்.

லோரியில் போகும்போது கிராணி ஐயா ஒரு ஜோடி பூட்ஸை நீட்டினார். அவர் மச்சானுடையது. அதுவரை நான் வெறுங்காலோடு ஆடியவன். பூட்ஸ் எனக்குப் பெரிதாக இருந்ததால் முன்பக்கம் கந்தல் துணி திணித்துக்கொண்டேன். இப்படியாக, வயிற்றில் இரண்டு வேளைச் சோற்றோடும், காலில் கிராணி மச்சானின் பூட்ஸோடும், நெகிரி செம்பிலானின் மின்னல் டவுனில் வந்து இறங்கியது.

கம்பெனியின் மைதானம் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. ஓரத்தில் குடைக்கடியில் நாற்காலி போட்டு, ஆள் எடுக்கிற வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். முற்பாதியில் என்னைப் பார்த்த எவனும் எனக்குக் கூட்டுகிற வேலைகூடக் கொடுத்திருக்க மாட்டான். நான் ஓடுவேன், பூட்ஸ் கொஞ்சம் பிந்தி வரும். ஒரு தடவை பந்தை ஓங்கி உதைத்தேன். பந்து அங்கேயே இருக்க, பூட்ஸ் போய்த் துரையின் குடைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், உள்ளேயிருந்து கந்தல் வந்தது. கிராணி ஐயா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடைவேளையில் என்னிடம் வந்தார். "டேய் மணியம், கழட்டித் தொலடா அத. எம் மச்சானும் இதப் போட்டுக்கிட்டுத்தான் ஓட முடியாமக் கெடந்தான்."

கழற்றினேன். புல் உள்ளங்காலில் பட்டதும் உயிர் வந்தது. இதற்குள் சோறும் ஒருவழியாகச் செரித்திருந்தது. அதன் பிறகு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை நானே புகழ்வது சரியில்லை. (சரோஜா அங்கே இல்லை, கிராணி ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை விட்டால் வேறு யார் புகழ்வார்கள்?) பந்து ஓரத்துக்கு வந்தால் போதும், என்னைத் தடுக்க வந்தவர்கள் நான் விட்டுப்போன காற்றைத்தான் பிடித்தார்கள். துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார். ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக நின்றது ஆட்டம்.

முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நடுவிலிருந்து ஒரு நீளமான பந்து எனக்கு வந்தது. ஒருவனைத் தாண்டினேன். இன்னொருவன் விழுந்தான். கோல்கீப்பர் ஓடி வந்தார், அவரையும் இடது பக்கம் ஏமாற்றிவிட்டு வலது பக்கம் போனேன். எதிரே காலியான கோல். தள்ளிவிட்டால் போதும். வேலை, சம்பளம், வீடு, அம்மாவின் கதவு எல்லாம் அங்கேதான் திறந்து கிடந்தன.

அப்போது சைரன் ஊதியது.

கிடங்கில் வேலை முடிந்ததற்கு ஊதுகிற சைரன் அது. எங்கள் எஸ்டேட் சைரனின் உடன்பிறப்பு போல அதே ஊளை. எனக்கு வேறொன்றும் ஞாபகமில்லை. குனிந்தேன். பந்தை எடுத்தேன். வலது கக்கத்தில் இடுக்கினேன். கோல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பின்னால் பெரிய கூச்சல். திரும்பிப் பார்த்தால் இரண்டு குழுக்களும், நடுவரும், கிராணி ஐயாவும் என்னைத் துரத்தி வருகிறார்கள். அவர்களும் சைரனுக்குப் பயந்துதான் ஓடி வருகிறார்கள் என்று நினைத்தேன். பாவம், மெதுவாக வருகிறார்களே என்று, "சீக்கிரம் வாங்க, சாத்திடப் போறான்!" என்று கத்தி உற்சாகப்படுத்தினேன். கிராணி ஐயா என்னவோ கையை ஆட்டினார். பந்து பத்திரமா என்று கேட்கிறார் போலும் என்று, அதைத் தட்டிக் காட்டிவிட்டு இன்னும் வேகமாக ஓடினேன்.

மைதானத்தைத் தாண்டினால் சடக்கு. கேட்டு எங்கே, கேட்டு எங்கே என்று கண் தேடியது. எதிரே கண்டேன்! முள்கம்பி, மணல் மூட்டை, துப்பாக்கிக்காரர், திறந்த கேட்டு. நம்ம வீடு இல்லாமல் வேறென்ன? ஒரே பாய்ச்சலில் உள்ளே போய், கேட்டோரம் குந்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கி, "வந்துட்டேம்மா" என்றேன்.

எதிரே நின்றது பெரிய மீசை வைத்த ஒரு மலாய் சார்ஜன்.

நிற்கவும் இல்லை, பாதி நின்றார், பாதி மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தார். அது போலீஸ் ஸ்டேஷன். அவசரகாலத்தில் ஒரு மனிதன் உருண்டையான சாமான் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குள் பாய்ந்தால் என்ன நினைப்பார்கள்? முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்கள். என்னை ஏன் சுடவில்லை என்று கேட்கலாம். அவர்கள் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் நான் உள்ளே வந்து எண்ணிக்கைக்கு உட்கார்ந்துவிட்டேன். என் வேகத்தால் எனக்குக் கிடைத்த முழு லாபம் அது ஒன்றுதான்.

"அபா இத்து?" அது என்ன என்று மூட்டைக்குப் பின்னாலிருந்தே கேட்டார் சார்ஜன்.

"போலா, துவான். பந்துங்க."

அடையாளக் கார்டைக் கேட்டார். அது மைதானத்தில் கழற்றிப் போட்ட சிலுவார் பைக்குள் இருந்தது. (சிலுவார் என்றால் கால்சட்டை.) அந்தக் காலத்தில் கார்டு இல்லாமல் பிடிபடுவது பந்தைவிடப் பெரிய குற்றம். நல்லவேளை, அதற்குள் கிராணி ஐயா நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார். சார்ஜன் என்னைக் காட்டி அவரிடம் கேட்டார்.

"கிலா கா?"

பைத்தியமா என்று கேட்கிறார்.

"கிலா இல்ல, துவான். எஸ்டேட்."

சார்ஜன் எல்லாம் புரிந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டினார்.

துரையும் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார், பந்தைப் பார்த்தார், கிராணி ஐயாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இவ்வளவு வேகமா ஓடற ஆள நான் பாத்ததே இல்ல. ஆனா இவன் ஆடறது வேற ஆட்டம். இப்படிச் சொல்லிட்டுப் போறாருடா." மச்சானின் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றார்.

கார்டைக் காட்டி, எழுதிக் கொடுத்து, ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது நேரம் போய்விட்டது. எங்கள் எஸ்டேட் கேட்டு சாத்தியிருப்பார்கள். தவறான கேட்டுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவன், சொந்தக் கேட்டைத் தவறவிட்டேன். கிராணி ஐயாவின் உறவுக்காரர் வீடு டவுனை ஒட்டிய அம்பாங்கானில் இருந்தது. அங்கே படுத்தோம். படுத்தேனே தவிரத் தூங்கவில்லை. வேலை போனதுகூட அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மா கம்பத்தை விட்டிருக்க மாட்டாள் என்பது மட்டும் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் லோரி பிடித்துப் போனோம். நான் நினைத்தது சரி. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். லயத்துக்குப் போகச் சொல்லிக் காவல்காரர் மன்றாடினாராம், அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் சரோஜா ஒரு மங்குக் கோப்பைத் தேத்தண்ணியோடு நின்றாள். அவள் சிரிக்காமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் உள்ளே வந்ததும் அம்மா கம்பத்தைப் பிடித்து எழுந்தாள்.

"உள்ள வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா. வேலதான் வரல."

"வேல கெடக்கு" என்றாள். கம்பத்திலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

கதையை முழுதும் கேட்ட சரோஜா அன்று மத்தியானத்துக்குள் எல்லா லயத்துக்கும் பரப்பிவிட்டாள். அன்றிலிருந்து நான் சைரன் மணியம். அந்தப் பேர் எங்கள் எஸ்டேட் துரையின் காது வரைக்கும் போய், அவர் என்னைத் தபால்காரனாக வைத்துக்கொண்டார். ஆபீசிலிருந்து மற்ற டிவிஷன்களுக்குக் கடிதாசி கொண்டுபோய், சைரனுக்குள் திரும்பி வர வேண்டும். ஓடுவதற்கென்றே சம்பளம். அந்த வகையில் பார்த்தால் நானும் தொழில்முறை ஆட்டக்காரன்தான். பல வருஷம் கழித்து வேலியைப் பிரித்தார்கள், கேட்டையும் கழற்றினார்கள். கம்பம் மட்டும் மிஞ்சியது. அம்மா பொழுது சாய்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதை விடவில்லை. கடைசிவரைக்கும் நானும் "வந்துட்டேம்மா" சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது அம்பாங்கானில் இருக்கிறோம். வாசலில் ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டு போனால் வீட்டில் யாராவது ஒருவர், "கதவச் சாத்துங்க, தாத்தா ஓடிடப் போறாரு!" என்று கத்துவது வழக்கம். வீட்டுக்கு வந்த மருமகள்கள்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். நீலாயில் படிக்கிற பேரன் குகன் போன மாதம் வந்தபோது, தொலைக்காட்சியில் அமெரிக்காவில் ஆடுகிற பந்தாட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"தாத்தா, இங்க வந்து பாருங்க. இதுதான் உங்க ஆட்டம்! இந்த ஓரத்துல நிக்கறான் பாருங்க, அவனுக்குப் பேரு வைட் ரிசீவர். பந்தப் புடிச்சுக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடணும், அவ்ளோதான். அந்தக் கோட்டுக்குள்ள போயிட்டா ஜெயிச்சாச்சு. கோடி கோடியாக் குடுக்கறாங்க!"

பார்த்தேன். இரும்புத் தொப்பி போட்ட ஒருவன் ஓரமாக ஓடினான். எங்கிருந்தோ வந்த பந்தைத் தாவிப் பிடித்து, வலது கக்கத்தில் இடுக்கினான். பின்னால் ஒரு கூட்டமே துரத்தியது. எவன் கையிலும் சிக்காமல் கோட்டுக்குள் போய் விழுந்தான். ஊரே எழுந்து நின்று கத்தியது. அந்த வெள்ளைக்காரத் துரை சொன்னது சரிதான், நான் ஆடியது வேற ஆட்டம்தான் என்று எனக்கு ஒரே பெருமை. வீடு முழுக்கச் சிரித்தது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரோஜா மட்டும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கோட்டுக்குள் விழுந்து கிடந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்லா," என்றாள். "இம்புட்டு ஓடி வந்திருக்கான். உள்ள வந்துட்டியான்னு கேக்க அங்க ஒருத்தரையும் காணோமே?"